இரண்டாம் பக்கத்துப் பெயர்கள்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கால்பந்து அகாடமியின் விண்ணப்பத்தில் ‘பெற்றோர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமலே நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன். “விளையாடப் போறது எம் புள்ள. என் பேரு எதுக்குத் தம்பி?” என்றார். அந்தக் கட்டம் அவர் விருப்பப்படியே காலியாக இருக்கட்டும். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் ரகம் பிரிக்கும் வேலை அவருக்கு. அதற்கு முன்பு பல வருஷம் விடியுமுன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளத்து மலைக்குப் போய்க் காய் பறித்தவர். அதனால் மலையாளமும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அல்லிநகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மைதானத்துக்கு வருவார். ஏலக்காய் வாசம் அவருக்கு முன்னால் வந்துவிடும். வேலை முடிந்து வந்தாலும் கை சும்மா இருக்காது. கடலைப் பொட்டலத்தை மடியில் கொட்டி, நல்லதைத் தனியாகவும் சொத்தையைத் தனியாகவும் ஒதுக்கிய பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போடுவார்.

அவரிடம் ஒரு பேச்சு உண்டு. “இருக்கட்டும், அடுத்த சுத்துக்கு ஆகும்.” இது மலையிலிருந்து வந்த பேச்சு. ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் விளைவதில்லை. விளைந்ததைப் பறித்துவிட்டு, பிஞ்சைச் செடியிலேயே விட்டுவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வருவார்கள். அதுதான் ஒரு சுற்று. அக்கா அந்தப் பேச்சை வராத பஸ்ஸுக்கும் சொல்வார், வேகாத பருப்புக்கும் சொல்வார், வாய்ப்பாடு வராத மகளுக்கும் சொல்வார்.

இதைக் கேட்டுவிட்டு ஆள் சாது என்று யாராவது நினைத்தால் நன்றாக ஏமாந்துபோவார்கள். நானும் ஏமாந்தவன்தான். போகச் சொன்னால் போகமாட்டார். அவருடைய குணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். கத்தமாட்டார், சாபம் விடமாட்டார், மறுநாளும் வந்து நிற்பார். போடி பஸ் ஒன்றின் கண்டக்டர் அல்லிநகரத்தில் நிற்காது என்று சொல்லி, அவரைத் தேனி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். அக்கா நடந்து திரும்பி வந்தார். அடுத்த நாளும் அதே பஸ், அதே சீட்டு. “அல்லிநகரம் நிப்பாட்டுங்க.” ஐந்தாம் நாள் கண்டக்டரே விசில் ஊதி, “இறங்கு தாயி, உன்னோட மல்லுக்கட்ட முடியாது” என்றாராம். இதை அக்கா சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை. அது நடக்க வேண்டியதுதானே என்கிற மாதிரிச் சொன்னார்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

நான் அந்த அகாடமியில் உதவிப் பயிற்சியாளன். எங்களுக்கு மேலே இருந்தவர் கேரளத்துக்காரர். கோச் சார் என்போம். ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரைச் சேர்த்து, ஆறு மாதம் ஓடவிட்டு, பிறகு பதினேழு பேரை மட்டும் ‘எலைட் பேட்ச்’ என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். முன்பெல்லாம் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் இந்தத் தேர்வு. அதை ஏழுக்குக் கொண்டுவந்துவிட்டார். சீக்கிரம் பிடித்தால்தான் சீக்கிரம் தேறும் என்று எங்கேயோ பேசிக்கொண்டார்கள், நாங்களும் தலையாட்டினோம். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

கோச் சார் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, “முன் பக்கத்தை மட்டும் வாசி” என்றார். முன் பக்கத்தில் தேர்வான பதினேழு பேர். பின் பக்கத்தில் மீதிப் பதின்மூன்று பேர், அலுவலகத்துக்காக எழுதியது. நானோ திருவிழாக்களில் மைக் பிடித்து வளர்ந்தவன். எங்கள் ஊர்த் திருவிழாவில் உபயதாரர் பெயர் ஒன்று விட்டுப்போனால் மேடையிலேயே சட்டையைப் பிடிப்பார்கள். தாளில் உள்ள கடைசிப் பெயர் வரைக்கும், இழுத்து, ராகம் போட்டு வாசித்தால்தான் இறங்க முடியும். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. பதினேழையும் வாசித்தேன். தாளைத் திருப்பினேன். “கீழ்க்கண்டவர்கள் நாளை முதல் வர வேண்டாம்” என்று தலைப்பையும் வாசித்து, பதின்மூன்று பெயர்களையும் அதே ராகத்தில், அல்லிநகரம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

மைக்கில் பெயர் வந்தால் பரிசு என்று நினைத்து மூன்று பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தன. அதில் ஒருத்தி அக்காவின் மகள் பவித்ரா, ஒன்பதாவது பெயர். “சார், எனக்கு என்ன சார்?” என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மற்ற பெற்றோர் சிலர் அழுதார்கள், சிலர் கோச் சாரைத் திட்டினார்கள், ஒருவர் தன் பையனையே முதுகில் ஒன்று வைத்தார். அக்கா என்னிடம் வந்து, “எதை வச்சுப் பிரிச்சீக?” என்று கேட்டார். நான் அந்தத் தாளைக் காட்டினேன். பெயர், பிறந்த தேதி, உயரம், ஓட்டம், மதிப்பெண் என்று கட்டம் கட்டி வைத்திருந்தோம். வாங்கி இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடலையைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கட்டை விரல் நகத்தைப் பிறந்த தேதியின் மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

“இந்தப் பக்கம் பூராவும் சனவரி, பிப்ரவரி, மார்ச்சு. ஒண்ணு ரெண்டுதான் தப்பி வந்திருக்கு. அந்தப் பக்கம் பூராவும் அக்டோபர், நவம்பர், டிசம்பரு. நீங்க வெளாட்டைப் பிரிக்கல தம்பி. முதல் சுத்துக் காயை இங்கன வச்சிட்டு, கடைசிச் சுத்துக் காயை அங்கன தள்ளியிருக்கீக. ஏழு வயசுல பத்து மாசம்னா எம்புட்டு வளத்தி!”

கோச் சார் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

“சாரே, ஏலக்காயைப் பச்சையாச் சல்லடையில போடுவாகளா? காய வச்சு, சுருங்க வேண்டியது சுருங்கின பெறகுதான் ரகம் பிரிக்கிறது. பச்சைக்காயை ரகம் பிரிச்சா எங்க மொதலாளி என்னைய அன்னைக்கே வெளிய அனுப்பிருவாரு.”

“அம்மா, இது ஏலக்காய் வியாபாரம் இல்லை” என்றார் கோச் சார்.

“இல்லதான். காய்னா செடியிலயாவது விட்டுட்டு வந்திருப்பாக.”

அவ்வளவுதான். பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். பிரச்சினை முடிந்தது என்று கோச் சார் கை கழுவினார். நான் அன்று வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்துவிட்டார். எங்கள் கம்பி வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கருவேல முள் மண்டிய ஒரு துண்டு நிலம் கிடந்தது. அதில் பவித்ராவும் இன்னும் நான்கு பிள்ளைகளும் முள்ளை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் பதின்மூன்று பேரும் வந்துவிட்டார்கள். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த தன் அண்ணனிடம் சொல்லி, பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கைக் கொண்டுவந்தார் அக்கா. பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அதுதான் கோல்.

அவருக்குக் கால்பந்தில் ஒன்றும் தெரியாது. யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கார்னர் என்றால் என்னவென்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், ஆனால் மூன்று சட்டம் வைத்திருந்தார். நாலு பேருக்கு நாலு பேர், மிஞ்சினவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆட்டம், யாரும் வெளியே உட்காரக் கூடாது. ஒரு பக்கம் சும்மா ஜெயித்துக்கொண்டே இருந்தால் அங்கிருந்து ஒரு ஆள் இந்தப் பக்கம் வர வேண்டும். எத்தனை கோல் என்று வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் பேசக் கூடாது. மூன்றாவது சட்டத்தைப் பிள்ளைகள் ஒருநாளும் மதிக்கவில்லை. அக்காவும் காதில் விழாத மாதிரி நடந்து போவார்.

எங்கள் பக்கம் பதினேழு பேரும் வரிசையில் நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எங்கள் பிள்ளைகளின் கழுத்து அந்தப் பக்கமே திரும்பி நிற்கும். எங்கள் பந்து வேலியைத் தாண்டி விழுந்தால், அக்கா மறு நிமிடமே திருப்பி எறிந்துவிடுவார். ஒரு பந்தைக்கூட வைத்துக்கொண்டதில்லை. “அவுக பொருள் நமக்கு எதுக்கு?” என்பார், எனக்குக் கேட்கும்படி.

கோச் சாருக்கு அந்தக் கூச்சல் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலியோரம் போய், இடத்தைக் காலி செய்யச் சொன்னார். அக்கா மலையாளத்தில், “சாரே, ஈ ஸ்தலம் ஆருடெயா?” என்று கேட்டார். இது யாருடைய இடம் என்று கேட்டால் கோச் சாருக்கு எப்படித் தெரியும்? நகராட்சியுடையதாக இருக்கும் என்று சொல்லிவைத்தார். அக்கா மறுநாள் வேலைக்கு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நகராட்சிக்குப் போனார். அங்கே ஒரு அதிகாரி நாளைக்கு வரச் சொன்னார். பாவம், அவருக்கு அக்காவைத் தெரியாது. பதினொரு வேலை நாள் அக்கா அவர் மேசைக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள், பிள்ளைகள் விளையாட ஆட்சேபணை இல்லை என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திராட்சைப் பெட்டியில் கட்டித் தொங்கவிட்டார். கோச் சார் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் எலைட் பேட்சிலும் களையெடுத்தார்கள். முதல் பக்கத்தில் முதல் பெயராக இருந்த சஞ்சய்க்கு முழங்கால் வலி. அவனையும் வர வேண்டாம் என்றார்கள். இந்தத் தடவை மைக் இல்லை, போனில் சொன்னார்கள். அவன் சாயங்காலம் வேலியோரமாக வந்து, அந்தத் துண்டு நிலத்துக்குள் போகவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல் நின்றான். எங்கள் பிள்ளைகள் பதின்மூன்று பேரும், ஆமாம், எங்கள் பிள்ளைகள் என்றுதான் எழுதுகிறேன், ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனை முறைத்தார்கள். அன்று வாசித்தபோது அவன் சிரித்தது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

அக்கா மடியிலிருந்த கடலையைத் தட்டிவிட்டு எழுந்தார். “உம் பேரு என்னய்யா?”

“சஞ்சய்.”

“ஏலே, சஞ்சய் வந்திருக்கான். எந்தப் பக்கம் ஆள் கொறையுதுன்னு பாருங்க.”

எந்தப் பக்கமும் ஆள் கேட்கவில்லை. ஆனாலும் பவித்ரா நகர்ந்து இடம் விட்டாள்.

இப்படியே எட்டு வருஷம் போனது. பதினேழு பேரில் எங்களிடம் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பதின்மூன்று பேரின் தம்பி தங்கைகள், தெருப் பிள்ளைகள் என்று நாற்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பெட்டிகள் பன்னிரண்டு ஆகியிருந்தன.

போன வருஷம் மதுரையில் ஒரு ஹோட்டலில் கால்பந்துச் சங்கத்தார் எங்களுக்குக் கூட்டம் போட்டார்கள். குளிரூட்டிய அறை, பெரிய திரை. இனிமேல் திட்டம் மாறுகிறது என்றார்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் தரம் பிரிக்கக் கூடாது. சின்ன மைதானம், சின்ன கோல், நாலுக்கு நாலு. எல்லோருக்கும் சம நேரம். கோல் கணக்கு எழுதி வைக்க வேண்டாம். வருஷக் கடைசியில் பிறந்த பிள்ளைகளை உடம்பு சின்னது என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சின்னச் சின்ன கோல்களுக்கு நடுவே ஓடுவதைத் திரையில் காட்டினார்கள். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “இது எங்க ஊர்ல வாய்க்கால் ஓரத்துல எட்டு வருஷமா நடக்குது” என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

புதுத் திட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வேண்டும். அல்லிநகரத்துச் சின்னப் பிள்ளைகள் பூராவும் வேலிக்கு அந்தப் பக்கம். “போய்க் கூட்டிக்கொண்டு வா. பழசை மறந்துவிட்டு எல்லோரும் வரலாம் என்று சொல்” என்று கோச் சார் என்னை அனுப்பினார். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அக்கா முன்னால் நின்றேன். தலையில் நரை ஏறியிருந்தது. கை மட்டும் அதே கை, கடலையை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகையைக் கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிட்டாக. நாங்க போகல” என்றார்.

“சித்தப்பா வீட்டுக்கா போகல?” என்றேன்.

“சொந்தச் சித்தப்பா தம்பி. வாசல்ல வந்து நின்னு, பேரைச் சொல்லி வாங்கன்னு கூப்பிட்டாத்தான் கல்யாணம். எல்லாரும் வரலாம்னா அது அறிவிப்பு. வேணாம்னு சொல்லும்போது பேரு பேரா, மைக்குல சொன்னீக. பதிமூணு பேரையும் அதே மைக்குல பேர் சொல்லி வாங்கன்னு கூப்பிடுங்க. மறு நிமிசம் இந்த நாப்பதும் உள்ள வரும். நான் பெட்டியத் தூக்கிட்டு வாரேன்.”

“அவங்க இப்ப பெரிய பிள்ளைங்க ஆயிட்டாங்களே அக்கா. ஒரு பையன் குடும்பத்தோட திருப்பூருக்கே போயிட்டான்.”

“அவன் பேரையும் வாசிங்க. காத்துல போகட்டும்.”

கோச் சாரிடம் வந்து சொன்னேன். புதுச் சின்ன மைதானத்தின் திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் நம் மானத்தை நாமே வாங்குவதா என்று கேட்டார். இரண்டு நாள் பேசிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதை வாசித்தால் நீயும் நாளை முதல் வர வேண்டாம்” என்றார்.

அந்த வாசகம் எழுதி வைத்தது அவர், வாசித்தது நான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அது என் பக்கம் திரும்பியது. பயமாகத்தான் இருந்தது. எனக்கும் வீடு, பிள்ளை எல்லாம் உண்டு. “சரி சார்” என்றேன். பிறகு என் வாயிலிருந்து தானாக வந்தது: “ஆனா நாளைக்கும் வருவேன்.”

திறப்பு விழா அன்று புதுசாக வாங்கிய சின்ன கோல்கள் வெள்ளையாக நின்றன. மேடையில் ஆறு பேர், கழுத்தில் துண்டு. மைக் என்னிடம். வேலிக்கு வெளியே அக்கா, அவரைச் சுற்றி நாற்பது வாண்டுகள். அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர், மீசை அரும்பியவர்களும் தாவணி வயதுப் பெண்களுமாக. பவித்ரா என்னைவிட அரைச் சாண் உயரமாக இருந்தாள். கேட் திறந்துதான் கிடந்தது. ஒருவரும் அதைத் தாண்டவில்லை.

வரவேற்பு முடிந்தது. மேடையில் இருந்தவர்களின் பெயர்களை வாசித்தேன். அடுத்து விளக்கேற்ற வேண்டும். நான் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்தேன். எட்டு வருஷமாக அதை ஏன் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது, கிழித்துப் போட மனம் வரவில்லை. மடிப்பில் கிழிந்திருந்தது. கோச் சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கையைக் கீழே காட்டி, வேண்டாம் என்று சைகை செய்தார். நான் தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன்.

“கீழ்க்கண்டவர்களை...” என்று ஆரம்பித்தேன். திருவிழா திருவிழாவாகக் கத்திய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. “கீழ்க்கண்டவர்களை உள்ளே வரும்படி...” என்று முனகிவிட்டு, முதல் பெயரை வாசித்தேன். எனக்கே கேட்கவில்லை. மேடையில் யாரோ இருமினார்கள். இரண்டாவது பெயரும் அப்படியே போனது. வேகமாக முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று மூன்றாவதுக்குப் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“சத்தமா வாசிங்க தம்பி. அன்னைக்குச் சத்தமாத்தான வாசிச்சீக!”

மைக்கை வாயருகே இழுத்தேன். முதல் பெயரிலிருந்து, அல்லிநகரம் முழுக்கக் கேட்கும்படி, மறுபடி தொடங்கினேன்.